ப்ளஸ் போட்டால் ஏன் இடது பக்கம் போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தங்கச்சியிடமிருந்து போன். வழக்கமாக "எப்ப வர்றே, என்ன வாங்கிட்டு வருவே" என்பதைத் தாண்டி என்னிடம் எதுவும் பேச மாட்டாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, எக்ஸ் கூட மூணைக் கூட்டினா படம் வலது பக்கம்தானே போகணும்? ஏன் இடது பக்கம் போகுது? கிளாஸ்ல கேட்டா, அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்றாங்க" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்குக் கணக்கு வராது போலண்ணா" என்றாள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விதான் என்னை சயின்ஸ் குரூப்பிலிருந்து காமர்ஸ் குரூப்புக்குத் துரத்தியது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன் கணக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும். முதல் பாடமே கணங்கள், தொடர்புகள், சார்புகள். அதில் ஒரு வரைபடத்தை எடுத்து நகர்த்துவது, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்புவது, ரப்பர் மாதிரி இழுப்பது என்று ஒரு பகுதி வரும். எங்களுக்கு அது போர்டில் எட்டு வரியாக வந்தது. வெளியே கூட்டினால் மேலே. வெளியே கழித்தால் கீழே. உள்ளே கூட்டினால் இடது. உள்ளே கழித்தால் வலது. வெளியே இரண்டால் பெருக்கினால் உயரம் இரண்டு மடங்கு. உள்ளே இரண்டால் பெருக்கினால் அகலம் பாதி. வெளியே மைனஸ் என்றால் தலைகீழ். உள்ளே மைனஸ் என்றால் இடவலம் மாறும். முடிந்தது பாடம்!

எட்டு வரியையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். காலாண்டுத் தேர்வில் பயத்தில் இரண்டு வரிகள் இடம் மாறிவிட்டன. அந்த இரண்டோடு நிற்கவில்லை, ஒன்று சந்தேகமானதும் எட்டும் சந்தேகமாகிவிட்டது. 90-க்கு 19. அப்பா பள்ளிக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த திங்கட்கிழமை நான் காமர்ஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். (என் வாழ்க்கையில் நடந்த முதல் கிடைமட்ட நகர்வு அதுதான்!)

காமர்ஸ் எனக்குப் பிடித்துப்போனது, அது வேறு கதை. ஆனால் 'கணக்கு வராத பையன்' என்ற முத்திரை மட்டும் கூடவே வந்தது. இப்போது பி.காம் மூன்றாம் வருடத்தில் உட்கார்ந்து யோசித்தால் ஒரு விஷயம் உறைக்கிறது. நான் கணக்கில் தோற்கவில்லை. காரணம் சொல்லப்படாத எட்டு வரியை ஞாபகம் வைப்பதில் தோற்றேன். இரண்டும் வேறு வேறு.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எட்டு வரியைக் காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்ய வைப்பது தப்பு. 'காமர்ஸ் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று சொல்வது அதைவிடப் பெரிய தப்பு. ஏனென்றால் நாம் பி.காமில் மூன்று வருடமும் வேறு பெயர்களில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தங்கச்சி கேள்விக்கு வருவோம். அவளுக்கு நான் சொன்ன பதில் பஸ் கதை.

எங்கள் ஊரிலிருந்து காலை 7 மணிக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறது என்று ஒரு படம் போடுகிறோம். கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் தூரம். இன்றைக்கு பஸ் பஞ்சர், மூன்று மணி நேரம் லேட். மற்றபடி அதே பஸ், அதே டிரைவர், அதே வேகம். இப்போது 11 மணிக்கு பஸ் எங்கே இருக்கும்? சரியான நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் 8 மணிக்கு எங்கே இருந்திருக்குமோ அங்கே. 11-லிருந்து 3-ஐக் கழித்தால் 8. ஆக, லேட் பஸ்ஸின் படம் வேண்டுமென்றால் நேரத்தில் மூன்றைக் கழித்துவிட்டுப் பழைய அட்டவணையைப் பார்க்க வேண்டும். லேட் என்றால் நேர அச்சில் எந்தப் பக்கம்? வலது பக்கம். கழித்தோம், வலது பக்கம் போனது. இதில் என்ன மர்மம்? கழித்தது அட்டவணையைப் பார்ப்பதற்காக. பஸ் லேட்டானது நிஜத்தில்.

கூட்டினால் அதற்கு நேர்மாறு. மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்பிய பஸ், 7 மணிக்கே வழக்கமான பஸ் 10 மணிக்கு நிற்கிற இடத்தில் நிற்கும். 7-உடன் 3. படம் இடது பக்கம்.

நம்பிக்கை வரவில்லையா? ஒய் = எக்ஸ்² என்கிற பரவளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்புள்ளி எக்ஸ் 0 ஆக இருக்கும்போது வருகிறது. இப்போது ஒய் = (எக்ஸ் − 3)². அடைப்புக்குறிக்குள் 0 வர எக்ஸுக்கு என்ன கொடுக்க வேண்டும்? 3. அடிப்புள்ளி 3-க்கு வந்துவிட்டது, அதாவது வலது பக்கம். ஒரே ஒரு புள்ளியைப் போட்டுப் பார்த்தால் போதும், எட்டு வரி வேண்டாம்.

இதே பஸ்ஸில் 'வெளியே கூட்டுவது' என்றால் என்ன? தூரத்தை பஸ் ஸ்டாண்டிலிருந்து அளக்காமல், 5 கிலோமீட்டர் பின்னால் இருக்கிற டிப்போவிலிருந்து அளக்கிறோம். எல்லா நேரத்திலும் எண் 5 கூடும். படம் அப்படியே மேலே ஏறும். நேரம் மாறவில்லை, வந்த பதிலோடு 5 சேர்ந்தது, அவ்வளவுதான்.

ஆக மொத்தம் எட்டு வரியும் ஒரே வரி. உள்ளே கை வைத்தால் கேட்கிற கேள்வியை மாற்றுகிறோம், வெளியே கை வைத்தால் வந்த பதிலை மாற்றுகிறோம். பதிலை மாற்றினால் படம் சொன்னபடி கேட்கும். கேள்வியை மாற்றினால், பழைய பதில் கிடைக்க எக்ஸ் எதிர்ப்பக்கமாக ஈடுகட்ட வேண்டும்.

இழுப்பதும் சுருக்குவதும் இன்னும் சுலபம். வாட்ஸப்பில் நாலு நிமிட வாய்ஸ் நோட் வருகிறது. (அத்தைகள் அனுப்புவது.) இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே இரண்டால் பெருக்கினோம், அகலம் பாதியானது. வால்யூமை ஏற்றினால்? நேரம் அதேதான், சத்தம்தான் பெரிதாகும். அது வெளியே பெருக்குவது. வீடியோவைப் பின்னாலிருந்து ஓட்டினால் உள்ளே மைனஸ். உடைந்த கண்ணாடி டம்ளர் தானாக ஒட்டிக்கொண்டு மேஜைக்கு ஏறும். இதை நாம் தினமும் விரலால் செய்கிறோம், பரீட்சையில் மட்டும் பயப்படுகிறோம்.

வெளியே மைனஸுக்கு உதாரணம் வேண்டுமா? காமர்ஸ்காரர்களே, நம் வீட்டிலேயே இருக்கிறது. பேங்க் ரிகன்சிலியேஷன்! நம் கேஷ் புக்கில் பேங்க் பேலன்ஸ் டெபிட்டில் 5,000 என்றால் பேங்க்காரன் புத்தகத்தில் அது கிரெடிட்டில் 5,000. நமக்கு வர வேண்டிய பணம் அவனுக்குத் தர வேண்டிய பணம். டெபிட்டை ப்ளஸ், கிரெடிட்டை மைனஸ் என்று வைத்து ஒரு மாதத்துக்கு நம் பேலன்ஸைப் படமாகப் போட்டு, எக்ஸ் அச்சில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் தெரிவது பாஸ் புக். பிறகு ஏன் இரண்டும் சரியாகப் பொருந்துவதில்லை? நாம் இன்றைக்கு எழுதிய செக்கை அவன் இரண்டு நாள் கழித்துத்தான் எழுதுகிறான். அதாவது அந்தப் பதிவு கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்திருக்கிறது. பேங்க் சார்ஜஸை அவன் முதலில் எழுதுகிறான், நாம் பிறகு எழுதுகிறோம். அது இடது பக்கம். பி.ஆர்.எஸ். என்பதே 'ஒரு பிரதிபலிப்பு, அதில் சில நகர்வுகள், அவற்றைக் கண்டுபிடி' என்கிற கணக்குதான். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் 'டெபிட் பேலன்ஸ் ஆஸ் பர் கேஷ் புக்'கில் எதைக் கூட்ட, எதைக் கழிக்க என்று இன்னொரு அட்டவணையை மனப்பாடம் செய்திருக்க மாட்டேன்.

அடுத்து எகனாமிக்ஸ். முதல் வருடத்தில் எங்கள் வகுப்பில் நடந்த சண்டை இது. ஒரு பொருளுக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் வரி போட்டால் சப்ளை கோடு எந்தப் பக்கம் நகரும்? நான் "இடது பக்கம்" என்றேன், நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் (என்னை மாதிரியே சயின்ஸ் குரூப்பிலிருந்து வழி தவறி வந்தவன்) "மேல் பக்கம்" என்றான். அரை மணி நேரம் கத்தினோம். வகுப்பில் கிடைத்த தீர்ப்பு, "இடதுன்னு எழுது, மார்க் வரும்."

உண்மையில் இரண்டும் சரி. விற்கிற அளவு = 2 × விலை − 10 என்று வைத்துக்கொள்வோம். விலை 10 ரூபாய் என்றால் விற்பவர் 10 யூனிட் தருவார். 5 ரூபாய் வரி வந்துவிட்டது. இப்போதும் அவர் 10 யூனிட் தர வேண்டுமென்றால் அவர் கையில் 10 ரூபாய் நிற்க வேண்டும், அதற்கு வாங்குபவர் 15 கொடுக்க வேண்டும். கோடு 5 ரூபாய் மேலே போய்விட்டது. நண்பன் சொன்னது சரி. அதையே விலை 15-இல் நின்று பாருங்கள். முன்பு 20 யூனிட் கிடைத்தது, இப்போது 10. கோடு 10 யூனிட் இடது பக்கம் போய்விட்டது. நான் சொன்னதும் சரி. ஆனால் ஒன்று கவனியுங்கள். மேலே போனது 5, இடது பக்கம் போனது 10. வரியின் அளவு நேரடியாகத் தெரிவது செங்குத்து நகர்வில்தான். வெறும் 'இடது' என்று எழுதியவனுக்கு எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டால் முழிப்பான். முழித்தேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. கணக்குப் பாடத்தில் நாம் கொடுப்பது கிடைமட்ட அச்சிலும் வரும் பதில் செங்குத்து அச்சிலும் இருக்கும். 1838-ல் டிமாண்ட் கோடு வரைந்த பிரெஞ்சுக்காரர் குர்னோ அப்படித்தான் வரைந்தார், விலை கிடைமட்ட அச்சில். பிறகு வந்த ஆல்ஃப்ரட் மார்ஷல் விலையைச் செங்குத்து அச்சில் வைத்தார். 1890-ல் வெளிவந்த அவருடைய எகனாமிக்ஸ் புத்தகம் பல தலைமுறைகளுக்குப் பாடப்புத்தகமாக இருந்தது. அவர் வழியே நிலைத்துவிட்டது. அதனால் எகனாமிக்ஸ் படத்தில் 'கேள்வி' செங்குத்தாகவும் 'பதில்' கிடைமட்டமாகவும் இருக்கிறது. கணக்கு வகுப்பில் படித்த 'உள்ளே என்றால் இடது வலது' என்ற வரியை இங்கே கொண்டுவந்தால் கவிழ்ந்துவிடும். 'உள்ளே என்றால் கேள்வி' என்று புரிந்துகொண்டவன் தப்பிப்பான். மனப்பாடத்துக்கும் புரிதலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அது யூனிட்டுக்கு இவ்வளவு என்கிற வரி. ஜி.எஸ்.டி. மாதிரி சதவீத வரி என்றால் கோடு இணையாக நகராது, இழுபடும். 18 சதவீதம் என்றால் 10 ரூபாய்ப் பொருள் 11.80, 20 ரூபாய்ப் பொருள் 23.60. மேலே போகப் போக இடைவெளி கூடுகிறது. நகர்த்துவது ஒரு வகை வரி, இழுப்பது இன்னொரு வகை வரி.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? பெட்ரோல் பங்க்குக்குப் போவோம். 2022 மே 21-ம் தேதி மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாய் குறைத்தது. அன்றைக்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னது, இதனால் பெட்ரோல் விலை 9.50 ரூபாய் குறையும் என்று. எட்டு ரூபாய் குறைத்தால் ஒன்பதரை எப்படிக் குறையும்? டிவி பார்த்த பக்கத்து வீட்டு மாமா "எல்லாம் ஏமாத்து வேலை" என்றார். ஏமாற்று வேலை இல்லை மாமா, உள்ளே வெளியே வேலை. மாநிலங்கள் வாட் வரியைப் பெரும்பாலும் சதவீதமாகப் போடுகின்றன, அதுவும் கலால் வரி சேர்ந்த விலை மீது. அதாவது 8 ரூபாய் குறைந்தது அடைப்புக்குறிக்கு உள்ளே. வெளியே இருக்கிற சதவீதம் அந்த 8-ஐயும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் குறைத்த பிறகு பெட்ரோல் மீதான வாட், 13 சதவீதமும் அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாயும் என்று ஆனது. ஒரே வரியில் இழுப்பும் உண்டு, நகர்வும் உண்டு! அடிவிலையை எக்ஸ் என்று வைத்தால் 1.13 × எக்ஸ் + 11.52. எக்ஸில் 8 குறைந்தால் இந்த வாய்ப்பாட்டின்படி பதிலில் 9.04 குறைகிறது. அதுவே மாநில அரசு வெளியே இருக்கிற 11.52-இல் 8-ஐக் குறைத்தால் சரியாக 8 மட்டும்தான் குறையும். அதே எட்டு ரூபாய், நிற்கிற இடம்தான் வேறு. எது முதலில், எது பிறகு என்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள். தங்கச்சி புத்தகத்தில் இதே சங்கதி (2எக்ஸ் − 6)² என்று வரும். எல்லோரும் "6 வலது பக்கம்" என்று எழுதுவார்கள். அடிப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள், 3-இல் இருக்கும்.

இப்போது வீட்டுக் கதை ஒன்று. அம்மா ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். சம்பளம் 9,000. சூப்பர்வைசருக்கு 18,000. இந்த வருடம் சம்பள உயர்வு பற்றிப் பேச்சு வந்தபோது ஊழியர்கள் "எல்லாருக்கும் ஆயிரம் ரூபாய் ஏத்துங்க" என்றார்கள். முதலாளி "அது சரிப்படாது, எல்லாருக்கும் பத்து சதவீதம், அதுதான் சமம்" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து கேட்டார். "சமம்னா எனக்கு 900, அவருக்கு 1,800 எப்படிடா?"

நான் படம் போட்டுக் காட்டினேன். ஆயிரம் ரூபாய் என்பது நகர்வு. 10,000, 19,000. ரூபாய் வித்தியாசம் பழைய 9,000-ஆகவே நிற்கும், ஆனால் விகிதம் இரண்டிலிருந்து 1.9 ஆகக் குறையும். பத்து சதவீதம் என்பது இழுப்பு. 9,900, 19,800. விகிதம் அதே இரண்டு, ஆனால் ரூபாய் வித்தியாசம் 9,000-லிருந்து 9,900 ஆகக் கூடும். நகர்வு ரூபாய் வித்தியாசத்தைக் காப்பாற்றும், இழுப்பு விகிதத்தைக் காப்பாற்றும். இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. எது 'சமம்' என்பதைக் கணக்கு சொல்லாது. ஆனால் ஒருவர் 'சமம்' என்று சொல்லும்போது எதைக் காப்பாற்றுகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். கடையில் கடைசியில் சதவீதம்தான் ஜெயித்தது. ஆனால் அடுத்த முறை கேட்பதற்கு அம்மாவிடம் இப்போது ஒரு வாக்கியம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்தது, எனக்கு ஏன் ப்ளஸ் ஒன்னில் புரியவில்லை?

ஷேர் மார்க்கெட் செய்தியிலும் இதே கதை. சென்செக்ஸுக்கு அடிப்படை 1978-79, மதிப்பு 100. நிஃப்டிக்கு அடிப்படை நாள் 1995 நவம்பர் 3, மதிப்பு 1,000. ஆரம்பித்த எண்ணும் வேறு, ஆரம்பித்த காலமும் வேறு. அதனால் சென்செக்ஸ் 500 புள்ளி விழுந்ததையும் நிஃப்டி 150 புள்ளி விழுந்ததையும் பக்கத்தில் வைத்து "சென்செக்ஸ் அதிகமா விழுந்திருக்கு" என்று சொல்வது அர்த்தமில்லாதது. செங்குத்தாக இழுத்த படத்தில் புள்ளிகள் மாறும், சதவீதம் மாறாது. எனவே சதவீதத்தைப் பாருங்கள். செய்தியில் பெரிய எழுத்தில் வருவது புள்ளி, சின்ன எழுத்தில் வருவது சதவீதம்!

கடைசியாக எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. பணத்தை ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டுவட்டியில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகத்தான், எந்தத் திட்டத்துக்கும் விளம்பரம் இல்லை). 22 வயதில் போட்ட 10,000 ரூபாய் 60 வயதில் சுமார் 1,86,000. "இப்ப என்ன அவசரம், வேலை கிடைச்சு செட்டில் ஆனதும் பாத்துக்கலாம்" என்று 31 வயதில் அதே 10,000-ஐப் போட்டால் 60 வயதில் சுமார் 93,000. பாதி! ஒன்பது வருட லேட் பஸ். படம் வலது பக்கம்தான் நகர்ந்தது, ஆனால் உயரம் பாதியாகிவிட்டது. கூட்டுவட்டிக் கோட்டின் விசேஷம் அது. அதில் வலது பக்கம் நகர்த்துவதும் மேலிருந்து அமுக்குவதும் ஒன்றே. 1.08-ஐ ஒன்பது முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 2 வருகிறது, அதுதான் காரணம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் வருடம் என்று ஃபைனான்ஸ் வகுப்பில் படித்தோமே, அதே ஒன்பது. நேர்கோட்டில் மேலே போவதும் இடது பக்கம் போவதும் ஒன்றாகத் தெரிந்தது போல, இங்கே நகர்வும் சுருக்கமும் ஒன்றாகத் தெரிகின்றன. இதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு நிஜமாகவே புல்லரித்தது. பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. எடைக்குப் போட்டிருந்தார்கள்.

சரி, எதிர்வாதத்தையும் பார்ப்போம். இதைப் படிக்கும் ஆசிரியர் யாராவது, "தம்பி, ஒரு வகுப்பில் அறுபது பேர், பாடத்தை முடிக்க நாளில்லை. பஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தால் போர்ஷன் யார் முடிப்பது? அட்டவணை கொடுத்தால் கடைசி பெஞ்சுக்காரனும் இரண்டு மார்க் வாங்கிவிடுவான்" என்று கேட்கலாம். நியாயம்தான். அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாபகப்படுத்திக்கொள்ள அது நல்ல கருவி. ஆனால் வரிசை முக்கியம் என்று இப்போதுதானே பார்த்தோம்! முதலில் காரணம், பிறகு அட்டவணை. காரணம் தெரிந்தவன் அட்டவணையை மறந்தால் ஒரு புள்ளி போட்டுப் பார்த்து ஒரு நிமிடத்தில் திரும்ப எழுதிவிடுவான். அட்டவணை மட்டும் தெரிந்தவன் மறந்தால், என்னை மாதிரி 19 வாங்குவான். அந்த இரண்டு மார்க்கே அவனுக்குக் கிடைக்காது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ப்ளஸ் ஒன்னில் அந்த எட்டு வரியை எழுதுவதற்கு முன்னால், (எக்ஸ் − 3)²-க்கு ஐந்து புள்ளிகளை மாணவர்களையே கண்டுபிடித்துக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு பீரியட் போதும். பி.காம் முதல் வருட எகனாமிக்ஸில், முதல் டிமாண்ட் கோடு வரைவதற்கு முன்னால், "இங்கே கேள்வி செங்குத்து அச்சில் இருக்கிறது" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அப்புறம் 'காமர்ஸுக்குக் கணக்கு தேவையில்லை' என்பதை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லாதீர்கள். வரி, வட்டி, சம்பளம், பேலன்ஸ் என்று நாம் தொடுவதெல்லாம் யாரோ நகர்த்திய, திருப்பிய, இழுத்த கோடுகள்தான். யார் எதை எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள் என்று தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

தங்கச்சிக்கு பஸ் கதையை முடித்ததும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப ரெண்டால பெருக்கினா ஏன் பாதியாகுதுன்னு நானே சொல்றேன், வெய்ட் பண்ணு" என்று போனை வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து மெசேஜ் வந்தது, "வேகமா ஓடுற பஸ் சீக்கிரம் போய்ச் சேரும்." நான் சொன்ன வாய்ஸ் நோட் உதாரணத்தை விட இது நல்லா இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். காலாண்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பி.கு: உங்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு அட்டவணையை மறந்ததால் 'கணக்கு வராதவர்' ஆனீர்கள்? எந்த அட்டவணை என்று சொல்லுங்கள். சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.